இரும்புப் பாதத்தை விட்டுச் சென்ற பெண்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க எழுத்தாளர் மரிஸா மேயர் இளையோருக்காக எழுதிய ‘லூனார் கிரானிக்கிள்ஸ்’ நாவல் வரிசையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்க அளவில் அறிமுகம் எழுதியிருந்தேன். சிண்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, ரப்பன்ஸெல், ஸ்னோ ஒயிட் ஆகிய நான்கு தேவதைக் கதைகளை நான்காம் உலகப் போருக்குப் பிந்தைய ஓர் எதிர்காலத்துக்குக் கொண்டுசென்று, பூமிக்கும் நிலவுக்கும் இடையே மூளும் ஒரே பெரும் பகையின் கதையாக அவர் பின்னியிருக்கிறார். அறிமுகத்தைப் படித்த வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சிண்ட்ரெல்லா கதையை என் வகுப்புப் பிள்ளைகள் படப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறார்கள். அதே கதையில் ரதத்துக்குப் பதிலாக இயந்திர வண்டியையும், பணிப்பெண்ணுக்குப் பதிலாக ரோபோவையும் வைத்துவிட்டால் அது புதிய கதையாகிவிடுமா? — பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

தங்கள் ஐயம் நியாயமானது. பழைய கதையில் ரதம் நின்ற இடத்தில் ஒரு பறக்கும் ஊர்தியை நிறுத்திவிட்டு அறிவியல் புனைகதை என்று பெயர் சூட்டிக்கொண்ட நூல்கள் நிறையவே வந்திருக்கின்றன. அவற்றைப் படித்து முடித்தபின் பழைய கதையே மேல் என்றுதான் தோன்றும். இந்த வரிசையின் முதல் நாவலான ‘சிண்டர்’ அப்படிப்பட்டதன்று என்பதற்கு அதன் முதல் பக்கத்தையே சாட்சியாகக் காட்டுவேன்.

நியூ பெய்ஜிங் நகரத்துச் சந்தையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சிண்டர் என்னும் பதினாறு வயதுப் பெண், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு துருப்பிடித்த ஒரு திருகாணியைக் கழற்றப் போராடிக்கொண்டிருக்கிறாள். திருப்புளி பிடிக்க வேண்டிய குறுக்குப் பள்ளம் தேய்ந்து வட்டமாகிவிட்டது. விரல் கணுக்கள் வலிக்கின்றன. ஒருவழியாகத் திருகாணி வெளியே வரும்போது அதன் மரை முழுவதும் அழிந்துபோயிருக்கிறது. அந்தத் திருகாணி இருந்த இடம் அவளுடைய கணுக்கால். சிறுமியாக இருந்தபோது பொருத்தப்பட்ட இரும்புப் பாதம் இப்போது அவளுக்குச் சிறியதாகிவிட்டது. புதிய பாதம் வாங்கிவர ஐகோ என்னும் ஆண்ட்ராய்டுத் தோழி, அதாவது ஒரு ரோபோ, போயிருக்கிறாள். பாதமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்து, முகத்தை மறைத்துக்கொண்டு, பழுதான ஓர் ஆண்ட்ராய்டுடன் இளவரசன் கெய் அவள் கடைமுன் வந்து நிற்கிறான்.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு நாவலின் கடைசிப் பகுதிக்குப் போனால், மேயரின் கைத்திறம் புரியும். மாற்றாந்தாய் அந்தப் புதுப் பாதத்தைப் பறித்துக்கொள்கிறாள். விருந்துக்குப் போயே தீர வேண்டிய இக்கட்டு நேரும்போது சிண்டர் அந்தப் பழைய, சின்னப் பாதத்தையே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அரண்மனையிலிருந்து தப்பி ஓடும்போது படிக்கட்டில் கழன்று விழுவது அந்தப் பாதமேதான்.

பழைய கதையைக் கேட்ட எந்தக் குழந்தைக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்: நாடு முழுவதும் தேடினாலும் அந்த அளவுக்கு வேறு ஒரு கால்கூடவா கிடைக்காது? 1697-இல் கண்ணாடிச் செருப்போடு இந்தக் கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட ஜெர்மன் வடிவத்தில், செருப்பைப் பொருத்திக்காட்ட வேண்டும் என்ற வெறியில் ஒரு சகோதரி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். கொடூரமான காட்சிதான், ஆனாலும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. மேயரின் நாவலிலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை. கழன்று விழுந்தது செருப்பன்று, அவளுடைய உடம்பின் ஒரு பகுதி. அது ஏன் கழன்றது என்பதற்கான காரணமும் முதல் பக்கத்திலேயே திருகாணியோடு சேர்த்து வைக்கப்பட்டுவிட்டது. பழைய கதை நம்பும்படி மட்டும் சொன்ன இடத்தில் இந்த நாவல் ஏன் என்று கேட்டு, அதற்கான விடையைத் தன் உலகத்துக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கிறது. மறுகூறலுக்கும் வெறும் வேடமாற்றத்துக்கும் நான் காணும் வேறுபாடு இதுதான்.

தாங்கள் குறிப்பிட்ட வண்டியும் இருக்கிறது. குப்பைக்கிடங்கில் சிண்டர் கண்டெடுத்துப் பழுதுபார்க்கும், பெட்ரோலில் ஓடும் பழங்காலக் கார் அது. அதன் நிறம் ஆரஞ்சு. அழுகிய பூசணிக்காய் போலிருக்கிறது என்று ஐகோ சொல்கிறாள். பழைய கதையில் தேவதை மந்திரக்கோலால் செய்ததை இங்கே ஒரு பெண் கறை படிந்த கையுறையோடு தானே செய்துகொள்கிறாள். தங்கள் மாணவியர் இந்த வேறுபாட்டைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கேள்வி: சிண்ட்ரெல்லா ஐரோப்பியக் கதையாயிற்றே, அதை ஏன் பெய்ஜிங்கில் வைக்க வேண்டும்? சீனப் பண்பாட்டை அவர் சரியாகக் காட்டியிருக்கிறாரா? — சிங்கப்பூர் வாசகர்

இந்தக் கதை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. பெரோவுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், தாங் பேரரசுக் காலத்து எழுத்தாளரான துவான் செங்ஷி யே ஷியான் என்னும் பெண்ணின் கதையைப் பதிவுசெய்திருக்கிறார். தாயை இழந்த அவள் ஒரு மீனை அன்போடு வளர்க்கிறாள். மாற்றாந்தாய் அதைக் கொன்று சமைத்துத் தின்றுவிட, எஞ்சிய முட்களை எடுத்து ஒளித்துவைக்கிறாள்; கேட்டதையெல்லாம் அந்த முட்கள் தருகின்றன. விழாவுக்கு அவள் மீன்கொத்தி இறகாலான மேலாடையும் பொற்செருப்பும் அணிந்து போகிறாள், திரும்பும் அவசரத்தில் ஒரு செருப்பைத் தவறவிடுகிறாள். அந்தச் செருப்பு இறகுபோல எடையற்றது என்றும், கல்லின்மீது நடந்தாலும் ஓசை எழாது என்றும் அந்தப் பழைய நூல் சொல்கிறது. கல்லில் ஓசை எழுப்பாத அந்தப் பொற்செருப்பையும் சிண்டரின் கனத்த இரும்புப் பாதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பதினொரு நூற்றாண்டுகளைத் தாண்டி இரண்டு பெண்கள் ஒரே படிக்கட்டில் இறங்கி ஓடுவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. கதையைச் சீனத் தலைநகரில் வைத்ததற்கு அந்தப் பழைய சீன வடிவமும் ஒரு காரணம் என்று மேயரே கூறியிருக்கிறார்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு மகிழ்ச்சியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த நாவலில் ஆசியாவின் பெரும்பகுதி ஒரே கூட்டரசாகிவிட்டதால் பெயர்களும் பழக்கங்களும் கலந்திருப்பதற்கு ஒரு சாக்கு இருக்கிறது. ஆனாலும் வியட்நாமியர் பெண்களுக்கு இடும் லின் என்ற பெயர் இங்கே குடும்பப் பெயராகிறது, பெய்ஜிங்கை ஆளும் இளவரசனுக்குக் கெய்தோ என்ற ஜப்பானியப் பெயர் அமைகிறது, அந்தக் கலப்பு எப்படி நேர்ந்தது என்று கதையில் ஒருவரும் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. செருப்புக்குக் காரணம் தேடிய அதே அக்கறையை மேயர் ஊருக்கும் காட்டியிருக்க வேண்டும். சந்தையின் இரைச்சலும் அடுக்குமாடி வீட்டின் நெரிசலும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் அது எந்த ஊர்ச் சந்தையாகவும் இருந்துவிடலாம். சிங்கப்பூரில் வாழும் தங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தென்பட்டிருக்கும்.

கேள்வி: ஸ்னோ ஒயிட் கதையின் உயிர்நாடியே அரசியின் மாயக்கண்ணாடிதான். நான்கு நாவல்களையும் படித்துவிட்டேன். அந்தக் கண்ணாடியை மட்டும் காணவில்லை. ஆசிரியர் மறந்துவிட்டாரா? — கல்லூரி மாணவி, சென்னை

மறக்கவில்லை. மாறாக, நான்கு நாவல்களிலும் அவர் மிக நுட்பமாகக் கையாண்ட பொருள் அதுதான் என்பது என் கருத்து. இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

நிலவின் அரசி லெவானா பேரழகி என்று எல்லோரும் நம்புகிறார்கள். நிலவு மக்களுக்கு மற்றவர் மனத்தில் பொய்த் தோற்றத்தை உண்டாக்கும் ஆற்றல் உண்டு. அவளுடைய அழகும் அத்தகைய பொய்த் தோற்றமே. குழந்தைப் பருவத்தில் சொந்த அக்காளின் கொடுமையால் தீக்காயம் பட்ட உருவம் அதற்குள் மறைந்திருக்கிறது. அந்த ஆற்றலால் மனிதரை ஏமாற்ற முடியுமே தவிர, கண்ணாடியையும் கேமராவையும் ஏமாற்ற முடியாது. ஆகவே பழைய கதையின் அரசி நாள்தோறும் கண்ணாடிமுன் நின்று யார் அழகி என்று கேட்டாள். இந்த அரசியோ கண்ணாடி என்றாலே அஞ்சுகிறாள். திரையில் தோன்ற நேரும்போதெல்லாம் முக்காடிட்டுக்கொள்கிறாள். உண்மையைச் சொல்லும் கண்ணாடி என்ற பழைய கருத்து அப்படியே இருக்கிறது. அந்த உண்மையைத் தாங்கும் மனம்தான் அரசிக்கு இல்லை.

இனி, சிண்டரின் கண்களை நினைத்துப் பாருங்கள். அவள் சைபார்க், அதாவது உடலில் ஒரு பகுதி இயந்திரமானவள், என்பதால் அவள் பார்வைக்குள் ஒரு கருவி இயங்குகிறது. எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் அவள் கண்முன் ஆரஞ்சு நிற ஒளி தோன்றும். கடைசி நாவலில் லெவானாவின் உண்மையான முகத்தைப் பதிவுசெய்து ஊரறியக் காட்டுவது அந்தக் கண்தான். நீங்கள் தேடிய மாயக்கண்ணாடி, முதல் நாவலின் முதல் பக்கத்திலிருந்தே கதாநாயகியின் முகத்தில் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் அந்தப் பொறாமைக்கார அரசி ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற கூச்சத்தால் ஒரு கொடுமையை இன்னொருத்தி தலையில் கட்டிய திருத்தம் அது. லெவானா எப்படி இப்படி ஆனாள் என்பதற்காகவே மேயர் ‘ஃபேரஸ்ட்’ என்று தனி நூல் ஒன்றை 2015-இல் எழுதினார். மாற்றாந்தாய் என்பதாலேயே கெட்டவள் என்ற பழைய முடிச்சை அவர் அந்த நூலில் பொறுமையாக அவிழ்த்திருக்கிறார். அதே நேரத்தில் லெவானாவின் குற்றங்களில் ஒன்றைக்கூட மன்னிக்கவில்லை.

கேள்வி: காணாமற்போன நிலவு இளவரசி யார் என்பதை நூறு பக்கம் படிப்பதற்குள் ஊகித்துவிட்டேன். கடைசியில்தான் ஆசிரியர் அதை உடைத்துச் சொல்கிறார். இது கதையமைப்பின் குறையல்லவா? — வங்கி ஊழியர், திருநெல்வேலி

நானும் ஊகித்துவிட்டேன், என் அக்காள் மகள் எனக்கும் முன்பாகவே ஊகித்துவிட்டாள். துப்பறியும் கதையாக இருந்தால் இது குறைதான். தேவதைக் கதையில் நிலைமை வேறு: கேட்பவருக்கு முடிவு தெரியும், கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. தன்னை ஒரு சொத்தாகக் கருதும் சட்டத்தின்கீழ் வாழ்ந்துகொண்டு, மாற்றாந்தாயின் கையெழுத்து ஒன்றால் கொள்ளைநோய் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துச் செல்லப்படும் பெண், தன்னை ஒரு அரசின் வாரிசு என்று எப்படி நினைப்பாள்? நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்புத்தான் அந்த நானூறு பக்கங்களை நகர்த்துகிறது. கூத்தில் திரௌபதியின் கூந்தல் எப்போது முடியப்படும் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா?

கேள்வி: விபத்தில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயற்கைக் காலோடு நடக்கிறேன். சிண்டர் தன் பாதத்தையும் கையையும் எல்லோரிடமிருந்தும் மறைத்துக்கொண்டே இருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகுமா அதற்கு வெட்கப்பட வேண்டும்? — தையற்கடை உரிமையாளர், ஈரோடு

ஐயா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாங்கள் கேட்டதை நாவலும் கேட்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் போதுமான அளவு உரக்கக் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிண்டரைப் பரிசோதிக்கும் கருவி, அவள் உடலில் 36.28 விழுக்காடு மனித உடல் அன்று என்று தசமப் புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கத்தோடு அறிவிக்கிறது. அந்தத் துல்லியம் என்னை உலுக்கியது. அவளைக் காப்பாற்றிய அறுவைச் சிகிச்சையை ஒரு சாதனை என்று யாரும் சொல்வதில்லை, அதை அவளுடைய மனிதத்தன்மையிலிருந்து கழித்துக் கணக்கிடுகிறார்கள். கொள்ளைநோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்குக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்படுகிறவர்களும் சைபார்க்குகளே. கருவிகள் வளர்ந்தால் மனிதரின் ஏளனம் தானாகக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையை மேயர் ஏற்கவில்லை; அவர் காட்டும் உலகில் பாதம் செய்யும் தொழில் முன்னேறியிருக்கிறது, பாதத்தைப் பார்க்கும் பார்வை முன்னேறவில்லை. அவளுடைய வெட்கம் அந்த ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. கையுறையைக் கழற்றாமலே இருந்த அந்தப் பெண், பின்வரும் நாவல்களில் இரும்புக் கையை வெளியே காட்டியபடி படை நடத்துகிறாள்.

ஆனால் மறைப்பதற்குப் பதிலாக மேடையேற்றியவர்களை நாம் நேரிலேயே பார்த்திருக்கிறோம். விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு 1984-இல் மீண்டும் பரதம் ஆடினார். சிண்டரின் விருந்துக் காட்சியைப் படித்தபோது என் மனம் அங்கேதான் போயிற்று. செயற்கைப் பாதத்தோடு நடனக் கூடத்துக்குள் நுழையும் பெண் அவமானப்பட்டு ஓடுவதோடு அந்தக் காட்சி முடிந்திருக்க வேண்டியதில்லை என்ற தங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி: சைபார்க், நிலவு மக்களின் மனவசியம் ஆகியவற்றுக்கு உண்மையில் அறிவியல் ஆதாரம் இருக்கிறதா? — இயற்பியல் மாணவர், மதுரை

முதலாவதற்கு உண்டு, இரண்டாவதற்கு இல்லை. உடலுக்குள் முழுவதுமாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958-இல் ஸ்வீடனில் பொருத்தப்பட்டது. சைபார்க் என்ற சொல்லை 1960-இல் மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய இரு ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். விண்வெளியில் வாழ்வதற்கேற்ப மனித உடலையே மாற்றியமைக்கலாமா என்று யோசித்தபோது பிறந்த சொல் அது. இன்று உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியால் ஒலி கேட்கும் ஒரு குழந்தையைக் கண்டால், சிண்டரின் உறவினர் என்று சொல்வதில் தவறில்லை.

நிலவு மக்களின் ஆற்றலுக்கு உயிர்மின்சாரம் என்று நாவல் பெயரிடுகிறது. நரம்புகளில் மின்குறிகள் ஓடுவது உண்மை. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே பதிவுசெய்தார். ஆனால் மூளை உண்டாக்கும் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வலுக்குறைந்தது. எதிரே நிற்பவருடைய கையை அதைக் கொண்டு அசைக்க வழியில்லை. இந்த இடத்தில் மேயர் அறிவியலின் சட்டையை மாட்டிவிட்ட மந்திரத்தைத்தான் தருகிறார். எனக்கு அது உறுத்தவில்லை. ஏனென்றால், கேமரா ஏமாறாது என்ற ஒரு விதியை வகுத்து, அந்த விதியை நான்கு நூல்களிலும் அவர் மீறாமல் காக்கிறார். கற்பனைக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருக்கிறது.

கொள்ளைநோயைப் பற்றி எழுதிய பகுதிகள் இவற்றைவிடத் திருத்தமானவை. தமக்கு ஒன்றும் ஆகாமலே நோயைச் சுமந்து வருவோர், சந்தையில் ஒருத்தி நோயுற்றதும் அவளுடைய கடையைக் கொளுத்துவது, நோயாளியை வாரிக்கொண்டு போகும் ஆண்ட்ராய்டுகள், தனிமைக் கூடத்தில் தங்கை பியோனியின் கட்டிலருகே மருந்தோடு வந்து சேரும் சிண்டர் ஒரு கணம் தாமதமாகிவிடுவது — இவையெல்லாம் 2012-இல் வெளியான நாவலில் இருக்கின்றன. 2020-க்குப் பிறகு அந்த அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கலாமா? எந்த வரிசையில் படிக்க வேண்டும்? — இல்லத்தரசி, வேலூர்

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ‘சிண்டர்’, ‘ஸ்கார்லெட்’, ‘க்ரெஸ்’, ‘விண்ட்டர்’ என்ற வரிசையிலேயே படிக்க வேண்டும். கடைசி நூல் எண்ணூறு பக்கங்களைத் தாண்டுவதால் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்வது நல்லது. காதல் உண்டு, வரம்பு மீறிய காட்சிகள் இல்லை. சண்டையும் குருதியும் போகப்போகக் கூடும். ‘ஃபேரஸ்ட்’ நூலை மட்டும் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொடுக்கலாம். மனைவியை இழந்த ஒரு காவலனின் மனத்தைத் தன் ஆற்றலால் வளைத்து லெவானா அவனை மணந்துகொள்ளும் கதை அதில் வருகிறது. விருப்பம் என்றால் என்ன, கட்டாயம் என்றால் என்ன என்று பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசியபடி படிக்க வேண்டிய நூல் அது.

கேள்வி: நான்கில் தங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்? — நூலகர், யாழ்ப்பாணம்

‘க்ரெஸ்’. ரப்பன்ஸெல் கதை ஒரு கீரையிலிருந்து பிறந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. கருவுற்ற பெண் ஒருத்திக்குச் சூனியக்காரியின் தோட்டத்துக் கீரையின்மேல் மசக்கை ஆசை வருகிறது. கணவன் திருடிவந்து கொடுக்கிறான். அதற்கு ஈடாகப் பிறந்த குழந்தையைச் சூனியக்காரி எடுத்துக்கொண்டு, அந்தக் கீரையின் பெயரையே அதற்கு வைக்கிறாள். மேயரின் கதையில் க்ரெஸ் என்பதும் ஒரு கீரையின் பெயர். அவளைக் காப்பாற்ற வரும் விண்கலத்துக்கு ராம்பியன் என்று பெயர். ரப்பன்ஸெல் கீரையை ஆங்கிலத்தில் அழைக்கும் பெயர் அதுதான். பழைய கதையில் கோபுரத்திலிருந்து விழுந்த இளவரசனின் கண்களை முட்கள் குத்திக் குருடாக்குகின்றன. இங்கே விண்ணிலிருந்து விழுந்து பார்வையை இழக்கும் விண்கலத் தலைவனின் பெயர் தோர்ன், அதாவது முள்.

பெயர் விளையாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கோபுரத்துக்குப் பதிலாக க்ரெஸ் ஏழு ஆண்டுகள் ஒரு செயற்கைக்கோளுக்குள் தனியாக அடைபட்டிருக்கிறாள். நிலவு மக்களுக்குரிய ஆற்றல் இல்லாமல் பிறந்தாள் என்பது அவள் செய்த குற்றம். பூமியை நாளெல்லாம் சன்னல் வழியே பார்த்திருக்கிறாள், ஒருமுறையும் மண்ணை மிதித்ததில்லை. அந்தச் செயற்கைக்கோள் சகாராப் பாலைவனத்தில் விழுந்த பிறகு, இடிபாடுகளுக்கு நடுவே, கண் தெரியாத தோர்ன் கையால் தடவிப் பார்த்தே அவளுடைய நீண்ட கூந்தலை வெட்டிவிடுகிறான். பழைய கதையில் சூனியக்காரி தண்டனையாக வெட்டிய கூந்தல் இங்கே பாரம் இறங்குவதுபோல் விழுகிறது. பிறகு மணலில் அவனைக் கைப்பிடித்து நடத்திச் செல்வது அவள்தான். உலகத்தைத் திரையில் மட்டுமே பார்த்தவள் கண்ணிழந்தவனுக்கு உலகத்தைச் சொல்லிக்கொண்டு போகிறாள்.

‘ஸ்கார்லெட்’ எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. பேத்தி ஓநாயை நம்பலாமா கூடாதா என்ற கேள்வி நன்றாகவே எழுகிறது, பாட்டி ஒரு முன்னாள் போர் விமானி என்பதும் அருமை. ஆயினும் இரண்டு நாட்களே பழகிய ஒருவன்மேல் அவ்வளவு அவசரமாக அன்பு பிறக்க வேண்டுமா என்று தோன்றியது.

கேள்வி: இதைப் படித்ததிலிருந்து நம் கதை ஒன்றை இவ்வாறு எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? — இளம் எழுத்தாளர், கோயம்புத்தூர்

மேயருக்கும் ஆசையில்தான் தொடங்கியது. ஜப்பானியச் சித்திரத் தொடரான சைலர் மூன்மேல் பித்துக்கொண்டு, அதன் பாத்திரங்களை வைத்துப் பல ஆண்டுகள் ரசிகர் கதைகள் எழுதிப் பழகியவர் அவர். நவம்பர் மாதத்தில் ஒரு நாவல் எழுதி முடிக்கும் இயக்கம் ஒன்று அப்போது அமெரிக்காவில் இருந்தது. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் இந்த வரிசையின் முதல் மூன்று நாவல்களுக்கும் முதல் வரைவை அவர் எழுதினார். ‘சிண்டர்’ அச்சேறியது 2012 சனவரியில். ஒரு மாதத்தில் எழுதியது அச்சேற மூன்று ஆண்டுகளுக்குமேல் ஆனது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

தங்களுக்கு வெகு அருகிலேயே ஒரு சிண்ட்ரெல்லா இருக்கிறாள். மைசூரில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் திரட்டிய ஹஞ்சி என்னும் கன்னடக் கதை, 1982-இல் வெளியான சிண்ட்ரெல்லா ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண், அண்ணனின் தகாத விருப்பத்துக்குத் தப்பிக் களிமண் முகமூடி அணிந்து ஊர் ஊராய்ப் போகிறாள். அந்த முகமூடியே அவளுக்குப் பெயராகிவிடுகிறது. செருப்பே இல்லாத சிண்ட்ரெல்லா அவள். நம் மொழியிலும் இந்தக் கலைக்கு முன்னோடி உண்டு: புதுமைப்பித்தன் 1943-இல் ‘சாப விமோசனம்’ எழுதியபோது, தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டால் அகலிகை என்ன ஆவாள் என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டார். அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

ஆகவே விண்கலத்தையும் ரோபோவையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சிறுவயதில் பாட்டியிடம் கேட்ட கதைகளில், பாட்டியே பதில் சொல்லாமல் நழுவிய இடம் எது என்று யோசியுங்கள். ஹஞ்சியின் முகமூடியை யார் செய்தார்கள், அதற்குள் மூச்சு விடுவதற்கு எங்கே துளை வைத்தார்கள், கோடையில் அது எப்படி வியர்த்தது, முகம் வளர்ந்தபோது யார் மாற்றிக் கொடுத்தார்கள்? அதில் ஒன்றுக்காவது விடை எழுதி, முதல் நான்கு பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன்.